தஞ்சைக்குத் தெற்கே ஒரு நாள் நடை

தஞ்சாவூரைப் பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று திசைதான் உண்டு. பெரிய கோயிலை முடித்துக்கொண்டு கிழக்கே தாராசுரம், கும்பகோணம் என்று போவார்கள், வடக்கே திருவையாறு, மேற்கே கல்லணை. தெற்கே பட்டுக்கோட்டைச் சாலையில் இறங்குகிறவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். கடலோரத்து மனோராவைப் பார்க்கக் காரில் போகிற சிலரும் ஒரத்தநாட்டைக் கடைத்தெரு நெரிசலாக மட்டும் கடந்து போகிறார்கள். அந்த ஊரில், சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், இருநூறு ஆண்டுக்கு மேல் வயதான பிரம்மாண்டமான சத்திரம் ஒன்று நிற்கிறது. சோழ நாட்டின் பழமையைத் தேடி வருகிறவர் அதைத் தவறவிடுவதற்கு அறியாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எதைத் தேடுவது என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. கோபுரம், விமானம், கல்வெட்டு, செப்புத் திருமேனி என்ற வரிசையில் அடங்காத எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. தஞ்சைக்குத் தெற்கே உள்ள முக்கியமான சின்னம் ஒரு தனிக் கட்டடம் அன்று, ஒரு சாலை; ஒரத்தநாட்டுச் சத்திரத்தை அந்தச் சாலையின் உறுப்பாகப் பார்த்தால்தான் அது ஏன் அங்கே இருக்கிறது, ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதெல்லாம் விளங்கும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நிலம் பார்ப்பவரை ஏமாற்றும். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு வரையிலான இருபத்திரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் இருபுறமும் வயல், வாய்க்கால், தென்னை. காவிரிப் படுகையில் ஆயிரம் ஆண்டாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் இந்தப் பசுமையின் பெரும்பகுதிக்கு வயது நூறுகூட ஆகவில்லை. இங்கே பாய்வது கல்லணைக் கால்வாய்த் தண்ணீர். ஊர்ப்பேச்சில் அதற்கு இன்னமும் புது ஆறு என்றுதான் பெயர். காவிரி–மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட அந்தக் கால்வாய், 1934-இல் மேட்டூர் அணை திறந்ததை ஒட்டித்தான் இந்த மேட்டு நிலத்துக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் ஏரியையும் குளத்தையும் வானத்தையும் நம்பியிருந்த செம்மண் பூமி. ஆக, நாம் பழமையானது என்று நினைக்கிற ஆற்றுப்பாசன வயல் புதியது. புதியது என்று ஒதுக்கிவிட்டுப் போகிற சத்திரம் அந்த வயலைவிட நூற்று முப்பது ஆண்டு மூத்தது. தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி ஏறத்தாழ 1802-இல் இந்தச் சத்திரத்தை நிறுவியபோது சுற்றிலும் இருந்தது வறண்ட மேட்டுக்காடு. வளமான கும்பகோணத்துப் பக்கத்தை விட்டு இந்த மேட்டில் இப்படி ஒரு கட்டடம் எழுப்ப வேண்டிய அவசியம் என்ன? இந்தக் கேள்விக்கு விடை ஊருக்குள் இல்லை. ஊரைக் கடந்து போகிற பாதையில் இருக்கிறது.

அந்தப் பாதை சேதுவுக்குப் போவது. வடக்கிலிருந்து காசி யாத்திரையை முடித்துக்கொண்டு இராமேசுவரம் போகிறவர்களும், இராமேசுவரத்திலிருந்து காசிக்குக் கிளம்புகிறவர்களும் தஞ்சையைத் தொட்டுத்தான் போனார்கள். தஞ்சையிலிருந்து தெற்கே இறங்கி, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையை அடைந்து, பிறகு கரையோரமாகவே மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று போய் இராமேசுவரத்துக்குப் படகு ஏறுவது அன்றைய வழக்கம். தூரங்களைக் கவனித்தால் பாதையின் கணக்குப் புரியும். தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு ஒரு நாள் நடை. ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை இன்னும் ஒரு நாள் நடை. அங்கிருந்து கடற்கரை மூன்றாம் நாள். மூட்டையும் குழந்தையும் வயதானவர்களுமாக நடக்கிற கூட்டம் ஒரு பகலில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாது. தஞ்சை மராட்டியர் இந்தக் கணக்கை அறிந்து, தங்குமிடம் தேவைப்படுகிற இடங்களில் சத்திரம் வைத்தார்கள். மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம் என்று அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் சங்கிலி போலத் தொடர்ந்தது அந்த வரிசை. கடற்கரையில் சேதுபாவாசத்திரம் என்ற ஊருக்குப் பெயரே சத்திரத்தால் வந்தது. அதிராம்பட்டினம் அருகே ராசாமடம். இந்தச் சாலையை விட்டு விலகிக் கிழக்கே நீடாமங்கலத்தில் இருக்கும் யமுனாம்பாள் சத்திரமும் அதே வம்சத்துப் பிரதாப சிம்மர் காலத்துக் கொடை. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பாழடைந்த பழைய வீடு போலத்தான் தெரியும். வரிசையில் வைத்துப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு நாள் நடையை உயிரோடு முடிக்க உதவுவதற்கென்று ஓர் அரசு செய்து வைத்த ஏற்பாடு தெரியும்.

அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1799-இல் சரபோஜி கிழக்கிந்தியக் கும்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பெனியின் கைக்குப் போனது. மன்னருக்கு மிஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். சத்திரங்களுக்கு விட்டிருந்த நிலங்களும் இதோடு போய்விடுமோ என்ற கவலையில், 1801-இல் அவர் கும்பெனிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களின் நிர்வாகத்தைத் தம்மிடமே விட்டுவைக்க வேண்டும் என்பது கோரிக்கை. அதற்கு நியாயம் சொல்லும் வகையில், சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். சாதி வேறுபாடு இல்லாமல் வருகிற யாத்திரிகர் எல்லோருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் பருப்பும் மிளகும் உப்புமாகப் படி அளக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று கூப்பிட்டு இலை போடுவார்கள். வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியர் இருப்பார். விஷக்கடிக்கும் மருந்து உண்டு. குணமாகிற வரை தங்கலாம். இறந்துபோனால் அவரவர் முறைப்படி அடக்கம் நடக்கும். குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணி வழியில் பிரசவித்தால் அந்தச் செலவு சத்திரத்தினுடையது, அதன் பிறகும் கொஞ்ச காலம் தாயும் சேயும் அங்கேயே இருக்கலாம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைப்பதும் உண்டு. இன்றைய நிர்வாக மொழியில் சொன்னால் உணவு, தங்குமிடம், ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவ விடுதி, அனாதை இல்லம், பள்ளி எல்லாம் ஒரே வளாகத்தில். இந்தக் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்குள் போனால் அதன் முற்றங்களும் அறைகளும் தாழ்வாரங்களும் அலங்காரத்துக்காக இல்லை, தேவைக்காக இருக்கின்றன என்பது தெரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. மனுப் போடுகிறவர் உள்ளதைக் கூட்டித்தானே சொல்வார்? நிலம் பறிபோகும் என்று பயந்த மன்னர், தம் சத்திரங்களைச் சொர்க்கமாக வர்ணிக்காமல் வேறு என்ன செய்வார்? கடிதம் மட்டுமே சான்றாக இருந்தால் இந்தச் சந்தேகத்தை ஒதுக்க முடியாது. ஆனால் தஞ்சை அரண்மனை எழுத்தர்கள் கணக்கில் கறாரானவர்கள். மோடி எழுத்தில், மராத்தி மொழியில் அவர்கள் விட்டுப்போன ஆவணக் கட்டுகள் சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. கே.எம். வேங்கடராமையா அவற்றைக் கொண்டு எழுதிய ‘தஞ்சை மராட்டிய மன்னர்கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்’ என்ற நூலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1984-இல் வெளியிட்டது. சத்திரத்து அன்றாடச் செலவு, பள்ளிக்கூடம், வைத்தியம் ஆகியவை அந்த ஆவணங்களில் பேசப்படுகின்றன. மனுவில் பொய் சொல்லலாம்; யாருக்கும் காட்டுவதற்கென்று எழுதாத அரிசிக் கணக்கில் பொய் எழுதி யாருக்கு லாபம்? மன்னருக்கு வேண்டியவர்கள் என்று முழுமையாகச் சொல்ல முடியாத மிஷனரிகளும் தங்கள் குறிப்புகளில், ஒரத்தநாட்டை ஒட்டிய கண்ணந்தங்குடியில் ஐம்பது ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளை உணவும் படிப்பும் தந்து சரபோஜி ஆதரித்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவரை வளர்த்த சுவார்ட்ஸ் பாதிரியார் 1798-இலேயே காலமாகிவிட்டார். முகத்தாட்சண்யத்துக்காகச் செய்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. மனுவின் வார்த்தையில் கால் பங்கைக் கழித்தாலும் மீதி கனமானதுதான்.

சத்திரத்தின் பெயர் முக்தாம்பாள். ஊர் வாயில் முத்தாம்பாள். முத்தாம்பாள்புரம் என்பது ஒரத்தநாட்டுக்கே இருந்த இன்னொரு பெயர். இவர் சரபோஜியின் துணைவி, பட்டத்தரசி அல்லர். இளம் வயதில் இறந்துபோனார். இறக்கும்போது தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் வைக்கும்படி கேட்டுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சாவுப்படுக்கைக் கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கல்லாகவும் மரமாகவும் நிற்பது கதை இல்லை. தாஜ்மகாலோடு ஒப்பிட்டுப் பேசும் ஆசை பலருக்கு வருகிறது. அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. தாஜ்மகால் ஒரு கல்லறை. அதற்குள் யாரும் சாப்பிட்டதில்லை. இங்கே பார்க்க வேண்டியது வேறு. தேர் போலச் சக்கரமும் குதிரையும் யானையுமாக வேலைப்பாடு செய்த கல் பகுதி கோயில் மண்டப மரபைச் சேர்ந்தது. தாராசுரத்து ராஜகம்பீரன் மண்டபத்தைப் பார்த்தவருக்கு உடனே பிடிபடும். சுவாமி உலா வரும் தேரின் வடிவத்தை யாத்திரிகர் தங்கும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே போனால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்துவிட்ட முற்றங்கள், அவற்றைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள், மராட்டிய அரண்மனைப் பாணி மரவேலை. கோயிலின் முகம், வீட்டின் வயிறு. இந்தக் கலவையைத் தஞ்சை மராட்டியரின் சொந்தக் கட்டடக்கலை என்று சொல்லலாம். அரண்மனைக்கு வெளியே அதை இவ்வளவு பெரிய அளவில் பார்ப்பது அரிது.

இனி அரசியல் மறுப்பு. நாட்டைக் கும்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தவர், தாம் இன்னும் ராஜாதான் என்று காட்டிக்கொள்ளச் செய்த ஆடம்பரம் இது என்று ஒருவர் சொல்லக்கூடும். இதில் பாதி சரி. 1799-க்குப் பிறகு கோட்டைக்கு வெளியே சரபோஜிக்குப் படை இல்லை, வரி இல்லை, நீதிமன்றம் இல்லை. அரசன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிஞ்சியவை தருமமும் கல்வியும் வைத்தியமும்தான். சரசுவதி மகாலுக்கு நூல் சேர்த்ததும், கோட்டைக்குள் அச்சகம் வைத்ததும், தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் குறிப்பைப் படத்தோடு எழுதி வைத்ததும் இதே காலம். அதிகாரம் போனதால்தான் இவற்றைச் செய்தார் என்றால், செய்ததன் மதிப்பு அதனால் குறையுமா? இராஜராஜனின் பெரிய கோயிலையும் அதிகாரத்தின் விளம்பரம் என்று சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறார்கள், அதற்காக யாரும் அதைப் பார்க்காமல் இருப்பதில்லை. மன்னரின் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும் நள்ளிரவு மணி அடித்தபோது எழுந்து வந்து சாப்பிட்டவருக்குப் பசி உண்மை.

இதைவிடக் கடினமான மறுப்பு சாதியைப் பற்றியது. எல்லோருக்கும் சோறு என்று மனுவில் எழுதியது சரி, எல்லோருக்கும் ஒரே பந்தியா? இல்லை. சமைத்தது ஒருவருக்கு, படி அளப்பது மற்றவருக்கு என்ற பிரிவு அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு கும்பெனியோடு இணைக்கப்பட்டது. சத்திரங்கள் பிறகு மாவட்ட ஆட்சியின் கைக்கும், ஜில்லா போர்டின் கைக்கும் போயின. நடந்து போகும் யாத்திரிகர் குறைந்ததும் சத்திர நிலங்களின் வருமானம் பள்ளிக்கும் மாணவர் விடுதிக்கும் திரும்பியது. ஒரத்தநாட்டிலும் ராசாமடத்திலும் இருந்த விடுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலவசச் சாப்பாடு பிராமண மாணவர்களுக்கு மட்டும் என்ற நிலை. சுற்றுவட்டாரத்துக் கள்ளர், பள்ளர், பறையர் பிள்ளைகளின் ஊரில், அவர்கள் நிலத்துக்கு நடுவே இருந்த சத்திரத்தில் அவர்களுக்கு இலை இல்லை. நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோதுதான் இது மாறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் தாலுகா போர்டில் அவருக்குத் துணையாக நின்றார். விடுதிகள் மற்றச் சாதி மாணவர்களுக்கும் திறந்தன. அதே சத்திர அறக்கட்டளைப் பணத்தில் வடமொழிக்கென்று நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் படிக்கவும் வழி பிறந்தது. பன்னீர்செல்வம் 1940 மார்ச்சில் ஓமன் வளைகுடாப் பக்கம் காணாமல்போன ஹானிபால் விமானத்தில் இறந்தார். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் அந்த விமான விபத்து நினைவில் இருக்கிற அளவுக்கு இந்த விடுதிச் சீர்திருத்தம் நினைவில் இல்லை.

ஆகவே சாதிக் குற்றச்சாட்டு சத்திரத்தைப் பார்க்காமல் விடுவதற்குக் காரணமாகாது. அதைப் பார்க்க இன்னொரு காரணம் ஆகிறது. 1801-இல் ஒரு மன்னர் எழுத்தில் கொடுத்த வாக்கு, அடுத்த நூற்றாண்டில் யாருக்கு மறுக்கப்பட்டது, யார் அதைத் திரும்பப் பெற்றார்கள் என்ற வரலாறு முழுவதும் ஒரே கட்டடத்தில் நடந்திருக்கிறது. சோழர் காலக் கோயில் ஒன்றில் ஆயிரம் ஆண்டு வரலாற்றைக் கல்வெட்டில் படிக்கலாம். சாதாரண மக்கள் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த வரலாற்றை அங்கே அவ்வளவு தெளிவாகப் படிக்க முடியாது.

பழமை போதாது என்பவர்களுக்கு ஒரு சின்னப் பதில். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி நூறு ஆண்டு நின்ற கட்டடத்தைப் புராதனச் சின்னமாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. இந்தச் சத்திரம் அந்தக் கணக்கில் இரண்டு முறை தேறும். அப்படியும் தேவாரக் காலத்துப் பழமைதான் வேண்டும் என்றால் அதே சாலையில் இருக்கிறது. ஒரத்தநாட்டுக்கு வடக்கே உளூர்ப் பக்கம் பிரிந்து போனால் பரிதியப்பர் கோயில். சம்பந்தர் பதிகம் பெற்ற பரிதிநியமம். சூரியன் வழிபட்ட தலம் என்பது நம்பிக்கை. பங்குனியில் சில நாள் காலை வெயில் கருவறை வரை போய் லிங்கத்தில் விழும். கூட்டமும் வரிசையும் இல்லாமல் ஒரு பாடல்பெற்ற தலத்தில் அரை மணி நேரம் இருக்க விரும்புகிறவருக்கு டெல்டாவில் இதைவிட நல்ல இடம் சொல்வது சிரமம். புது ஆறு வருவதற்கு முன் இந்த மேட்டில் மனிதர் இல்லை என்று யாரும் நினைத்துவிடாமல் இருக்கவும் இந்தக் கோயில் உதவும். ஊர் இருந்தது, குளம் இருந்தது, பதிகம் பாட ஆள் வந்தார். அவர் வந்த பாதையும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சாலை செத்ததற்குக் காரணம் ரயில். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் போட்டார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. பன்னிரண்டு நாள் நடை ஒரு நாள் பயணமானதும் தஞ்சைக்குத் தெற்கே நடக்க ஆளில்லை. தஞ்சை ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தில் போட்ட ரயில் பாதை மாயவரம், திருவாரூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று கிழக்கே சுற்றிப் போனது. ஒரத்தநாட்டுக்கு ரயில் வரவே இல்லை, இன்று வரை. இதனால் நஷ்டம் மட்டுமல்ல, ஒரு லாபமும் உண்டு. ரயில் வந்த ஊர்கள் சிலவற்றில் பழைய சத்திரங்கள் இடிந்து லாட்ஜ் ஆயின. ஒரத்தநாட்டில் இடிக்க யாருக்கும் அவசரம் வரவில்லை. மாணவர் விடுதியாகப் பயன்பட்டதால் கூரையின் கீழ் மனித நடமாட்டமும் தொடர்ந்தது. பூட்டிப் போட்டிருந்தால் ஆலும் அரசும் என்றைக்கோ முடித்திருக்கும்.

பட்டுக்கோட்டை தாண்டிச் சாலை கடலைத் தொடுகிற இடத்தில் மனோரா. மல்லிப்பட்டினத்தை ஒட்டிச் சரபேந்திரராசன்பட்டினத்தில், அறுகோண வடிவில், எட்டு அடுக்காக, எழுபத்தைந்து அடி உயரத்தில் நிற்கிற கோபுரம். கட்டியவர் அதே சரபோஜி. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு நினைவுச் சின்னம் என்பது எல்லாருக்கும் தெரியும். வாட்டர்லூ வெற்றிக்குக் கட்டியது என்றும் பலகைகளிலும் பாடங்களிலும் எழுதிவிடுகிறார்கள். அங்கே பதித்த கல்லில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். நெப்போலியன் முதல் முறை முடி துறந்த செய்தி 1814-இல் வந்ததைத்தான் அந்தக் கல் கொண்டாடுகிறது என்று கொள்வதே பொருத்தம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மனோரா ஏன் பிரபலம், ஒரத்தநாட்டுச் சத்திரம் ஏன் பிரபலம் இல்லை என்பதை இந்தப் பிழையே காட்டிவிடுகிறது. உலகம் அறிந்த பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும், கட்டடம் சுற்றுலாத் தலமாகிவிடும். ஆண்டு சரியாக இருக்கிறதா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை. தம்மை ஆளவந்தவர்களின் வெற்றிக்கு அதே மன்னர் எழுப்பிய தூணைப் பார்க்க வண்டி நிறுத்துகிறோம். வழிப்போக்கருக்கு அவர் போட்ட சோற்றின் கட்டடத்தைக் கடந்து போகிறோம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் பார்த்தால் சரபோஜி என்ற மனிதரின் சிக்கல் பிடிபடும். கும்பெனியின் நண்பராக இருந்தே தீர வேண்டியவர். அந்த நட்பைக் காட்டக் கடலோரத்தில் ஒரு தூணும், அந்த நட்பிலிருந்து காப்பாற்றிக்கொள்ள 1801-இல் ஒரு மனுவும் அவருக்குத் தேவைப்பட்டன.

சாலையையே சின்னமாகப் பார்ப்பது உலகத்துக்குப் புதிது இல்லை. ஸ்பெயினில் சான்டியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையை யுனெஸ்கோ 1993-இலேயே உலகப் பாரம்பரியமாக ஏற்றது. ஜப்பானின் கீ மலைத்தொடர் யாத்திரை வழிகள் 2004-இல் சேர்ந்தன. ஸ்பெயின் பாதையில் தேவாலயத்துக்கு இணையாக இடைவழி விடுதிகளும் பாலங்களும் மருத்துவமனைகளும் கணக்கில் வந்தன. சேது சாலையில் விடுதி, பள்ளி, வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஆவணமும் இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது. நம்மிடம் குறைவது அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம். இதற்கு எதிராகச் சொல்லப்படுவது ஒன்றுண்டு: சுற்றுலாத் தலமானால் கட்டணமும் வேலியும் கடையும் வந்து, இப்போது இருக்கிற அமைதியும் கெட்டுவிடும் என்பது. அந்தப் பயம் கும்பகோணத்துக்குப் பொருந்தும். ஒரத்தநாட்டின் ஆபத்து கூட்டத்தால் வருவது இல்லை, கவனிப்பாரின்மையால் வருவது. சுண்ணாம்புக் காரை ஒழுகும் இடத்தில் சிமென்ட் பூசுவதும், மர விட்டத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவதும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. கேட்பதற்கு ஆளில்லாததால் நடப்பது. வாரத்துக்குப் பத்துப் பேர் வந்து பார்த்து, கேள்வி கேட்டுவிட்டுப் போனால்கூடப் பழுது பார்க்கிற ஒப்பந்தக்காரருக்குக் கை கொஞ்சம் தயங்கும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மேட்டூர் திறந்து புது ஆற்றில் தண்ணீர் ஓடுகிற ஆடி முதல் தை வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். காலையில் தஞ்சையை விட்டால் பரிதியப்பர் கோயில் நடை சாத்துவதற்கு முன் தரிசனம் முடியும். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எங்கே என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். உள்ளே போவதற்கு அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி கேட்பது மரியாதை. பிற்பகலுக்குப் பட்டுக்கோட்டை, ராசாமடம், மாலைக்கு மனோரா. கடற்காற்று அடங்கியிருந்தால் பாக் விரிகுடா குளம் போலக் கிடக்கும். 2022-இல் தமிழ்நாடு அரசு கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்த கடல் இது. பெரும்பாலானோர் இங்கிருந்து தஞ்சைக்குத் திரும்பிவிடுவார்கள். திரும்பாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மணமேல்குடியும் மீமிசலும் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருகின்றன. தஞ்சை மராட்டியர் வைத்த சத்திரங்கள்தான் அங்கேயும். ஆனால் மாவட்ட எல்லை நடுவில் விழுந்துவிட்டதால் தஞ்சாவூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சேதுபாவாசத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புதுக்கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சித்தன்னவாசலுக்கும் திருமயத்துக்கும் போய்விடுகிறார்கள். ஒரத்தநாட்டைப் பார்த்த பிறகு அடுத்த நாள் போக வேண்டியது அந்த இரண்டு ஊர்களுக்குத்தான்.